புதன், சனி சோறு கிடையாது: ஒரு கொரிய நூடுல்ஸ் கடையின் கதை

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இந்த எபிசோடைப் பசியோட கேக்காதீங்க. பாதியில பாஸ் பண்ணிட்டு டெலிவரி ஆப்பைத் திறந்துடுவீங்க, அப்புறம் என்னைத் திட்டுவீங்க.

இன்னைக்கு நாம ஒரு நூடுல்ஸ் கடையில உட்காரப் போறோம். இடம் சியோல். குவாங்ஜாங் சந்தைன்னு பேரு, 1905-ல் தொடங்கிய சந்தை. பட்டுத்துணியும் போர்வையும் விற்கிற கடைகளுக்கு நடுவே சாப்பாட்டுக்குன்னே சில சந்துகள் ஓடுது. ஒவ்வொரு கடையும் நம்ம ஊர் கையேந்தி பவன் அளவுதான். நடுவில அடுப்பு, சுத்தி ஒரு மேடை, மேடையைச் சுத்தி பெஞ்சு. நான் போனது ஜனவரி. வெளியில மைனஸ் எட்டு டிகிரி. பெஞ்சுல உட்கார்ந்ததும் ஒரு அதிர்ச்சி: பெஞ்சு சூடா இருந்துச்சு! குளிர் காலத்துல வாடிக்கையாளர் உட்காரணும்ல, அதுக்காக உள்ளே ஹீட்டர் வச்சிருக்காங்க.

என்னைக் கூட்டிட்டுப் போனவர் ஒரு கொரிய நண்பர். நாலு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில வேலை பார்த்தவர். ஹூண்டாய் 1996-ல் இந்தியாவில் கம்பெனி தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்ட பிறகு, அதைப் பின்தொடர்ந்து நிறைய கொரியர்கள் சென்னைக்கு வந்தாங்க இல்லையா, அந்த வரிசையில வந்தவர். அவர் முதல்ல கத்துக்கிட்ட தமிழ் வார்த்தை "சாப்டாச்சா?" அவருக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஏன்னா கொரியாவுலயும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா அதையேதான் கேப்பாங்க: சோறு சாப்பிட்டியா?

அன்னைக்கு அவரோட அப்பாவும் எங்களோட வந்திருந்தார். எழுபதைத் தாண்டினவர், கொரியப் போர் நடந்துக்கிட்டு இருந்தப்போ பிறந்தவர்.

நாங்க சொன்னது கல்குக்ஸு. கொரிய மொழியில 'கல்'னா கத்தி, 'குக்ஸு'ன்னா நூடுல்ஸ். கத்தி நூடுல்ஸ். பேருக்குக் காரணம் கண்ணு முன்னாடியே நடக்குது. கடைக்கார அம்மா மாவு உருண்டையை எடுத்துக் குழவியால தேய்க்கிறாங்க. நாம சப்பாத்திக்குத் தேய்க்கிற மாதிரிதான், ஆனா மேடை அகலத்துக்கு. அதுல மாவு தூவி, புடவை மடிக்கிற மாதிரி மடிச்சு, கத்தியால சரசரன்னு நறுக்கி, உதறி, கொதிக்கிற குழம்புல போடுறாங்க. அந்தக் குழம்புக்கு அடிப்படை என்ன தெரியுமா? நெத்திலிக் கருவாடு. கூடவே காய்ந்த கடற்பாசி. அஞ்சு நிமிஷத்துல உருளைக்கிழங்கும் சுரைக்காய் மாதிரி ஒரு காயும் மிதக்கிற ஒரு பெரிய கிண்ணம் முன்னாடி வந்து உட்காருது. பக்கத்துல கிம்ச்சி, எவ்வளவு வேணும்னாலும் கேட்டு வாங்கிக்கலாம். அதுக்குத் தனியா காசு கிடையாது. தண்ணி நாமே பிடிச்சுக்கணும். சாப்பிடும்போது உறிஞ்சுற சத்தம் வந்தா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் கவனமா இருக்கணும். கூட இருக்கிற பெரியவர் சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் நாம ஸ்பூனை எடுக்கணும்.

அதனால நான் காத்திருந்தேன். நண்பரும் காத்திருந்தார். அவரோட அப்பா கிண்ணத்தைத் தொடவே இல்ல. மகன் பக்கம் மெதுவா நகர்த்தி வச்சிட்டு, எதிர்க் கடையில பிண்டேட்டொக் வாங்கிட்டு வரச் சொன்னார். பாசிப்பருப்பை அரைச்சுத் தடிமனா எண்ணெயில பொரிக்கிற அடை அது. நம்ம பெசரட்டுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம்.

"அவருக்கு நூடுல்ஸ் பிடிக்காதா?"ன்னு கேட்டேன். நண்பர் மொழிபெயர்த்துக் கேட்டார். பெரியவர் சிரிச்சுக்கிட்டே சொன்ன பதில் இது: "என் ஆயுசுக்கு வேண்டிய கோதுமை மாவை நான் பத்து வயசுக்குள்ளயே சாப்பிட்டு முடிச்சிட்டேன்."

எனக்கு உடனே எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் புரிஞ்சிக்கணும். ரீல்ஸ்ல நாம ஆசையா பார்க்கிற ஒரு சாப்பாட்டை, அந்த ஊர்க்காரரே ஏன் தள்ளி வைக்கிறார்?

கல்யாணத்துக்கு மட்டும் கிடைச்ச உணவு

கொரியாவில் கோதுமை எப்பவுமே சாதாரணமாகக் கிடைத்ததில்லை. மலை அதிகம், சமவெளி குறைவு, இருக்கிற நல்ல நிலத்தில் நெல். 1123-ல் சீனாவின் சொங் அரசவையிலிருந்து சூ ஜிங் என்ற தூதர் கொரியாவுக்கு வந்தார். அப்போது அங்கே கொர்யோ வம்சத்தின் ஆட்சி. பார்த்ததையெல்லாம் ஒரு நூலாக எழுதி வைத்தார். அதில் உணவு பற்றி ஒரு குறிப்பு உண்டு: இந்த நாட்டில் கோதுமை குறைவு, வியாபாரிகள் சீனாவிலிருந்து கொண்டு வருகிறார்கள், அதனால் நூடுல்ஸ் விலை அதிகம், பெரிய சடங்குகளுக்கு மட்டும்தான் பரிமாறுகிறார்கள்.

கோதுமை மாவுக்குக் கொரிய மொழியில் பழைய பெயர் ஒன்று உண்டு. 'அசல் மாவு' என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். மற்றதெல்லாம் சும்மா மாவு, இதுதான் மாவு. அவ்வளவு மரியாதை!

அதனால் கோதுமை நூடுல்ஸ் விசேஷ வீட்டுச் சாப்பாடானது. நீளமான இழை நீளமான ஆயுளைக் குறிக்கும் என்பதால் கல்யாணத்திலும் அறுபதாம் பிறந்தநாளிலும் அது கட்டாயம் இருக்கும். இன்னைக்கும் கொரியாவில் கல்யாணமாகாத ஒருவரைப் பார்த்து, "எப்ப எங்களுக்கு நூடுல்ஸ் போடப் போற?" என்று கேட்பார்கள். "எப்ப கல்யாணச் சாப்பாடு போடப் போற?"ன்னு நம்ம சொந்தக்காரங்க கேக்குற அதே கேள்வி. தப்பிக்க முடியாத கேள்வி, எந்த நாட்டுலயும்.

அப்போ சாதாரண நாட்களில் நூடுல்ஸே இல்லையா? இருந்தது. வடக்குப் பகுதியில், குறிப்பாகப் பியாங்யாங் சுற்றுவட்டாரத்தில், பக்வீட் என்ற தானியத்தை மாவாக்கி, நம்ம இடியாப்ப உரல் மாதிரி ஒரு பெரிய அச்சில் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் நேரடியாகப் பிழிவார்கள். அதைக் குளிர்ந்த குழம்பில் போட்டால் நெங்மியொன். 1849-ல் எழுதப்பட்ட ஒரு பண்டிகைக் குறிப்பு நூலில் இது குளிர்கால உணவாக வருகிறது. உறைபனியில் ஐஸ் மிதக்கிற நூடுல்ஸ் சாப்பிடுறவங்க அவங்க. 2018 ஏப்ரலில் வட, தென் கொரியத் தலைவர்கள் சந்தித்தபோது விருந்தில் வைக்கப்பட்டது இதுதான். அன்று சியோலின் நெங்மியொன் கடைகள் முன்னால் நீண்ட வரிசை நின்றது.

ஆனால் நாம் உட்கார்ந்திருக்கிற கடையில் கிடைக்கிறது கோதுமை. கல்யாணத்துக்கு மட்டும் கிடைத்த கோதுமை எப்படித் தெருக்கடைக்கு வந்தது? அதற்கு 1950-க்குப் போகணும்.

கை குலுக்கும் மூட்டை

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. 1920-களில் ஜப்பான் தன் நாட்டு அரிசித் தேவைக்காகக் கொரியாவில் நெல் உற்பத்தியைக் கூட்டத் திட்டம் போட்டது. விளைச்சல் கூடியது, ஏற்றுமதி அதைவிட வேகமாகக் கூடியது. நெல் விளைவித்தவர்கள் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையைச் சாப்பிட்டார்கள்.

விடுதலை கிடைத்து ஐந்தே வருஷம். 1950 ஜூனில் போர். மூன்று வருஷம் நடந்த போரில் லட்சக்கணக்கான பேர் வடக்கிலிருந்து தெற்குக்கு ஓடி வந்தார்கள். வயல்கள் நாசம். சியோல் நகரம் மட்டும் நான்கு முறை கைமாறியது.

அதே நேரத்தில் உலகத்தின் இன்னொரு பக்கம், அமெரிக்காவில், நேர் எதிரான பிரச்சினை. விவசாயிகளுக்கு அரசு விலை உத்தரவாதம் கொடுத்ததால் கோதுமை மலைபோலக் குவிந்துவிட்டது. வைக்க இடமில்லை, சந்தையில் விட்டால் விலை சரியும். 1954 ஜூலையில் அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுச் சட்டம் 480. சுருக்கமாக பி.எல். 480. நட்பு நாடுகள் டாலர் இல்லாமல், தங்கள் சொந்தப் பணத்திலேயே அமெரிக்கத் தானியத்தை வாங்கிக்கொள்ளலாம். தென் கொரியா 1955-ல் ஒப்பந்தம் போட்டது. இந்தியா 1956-ல். இந்த ரெண்டு வருஷத்தையும் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

மாவு மூட்டைகள் வந்திறங்கின. மேலே இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். நண்பரின் அப்பாவுக்கு அந்தப் படம் நல்லா ஞாபகம் இருக்கு. மாவு தீர்ந்ததும் அவங்க அம்மா அந்த மூட்டைத் துணியைப் பிரிச்சு அவருக்குக் கால்சட்டை தைச்சுக் கொடுத்தாங்களாம். கை குலுக்குற படம் சரியா பின்பக்கத்துல வந்துச்சாம். அதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிச்சார்.

அந்த மாவில் என்ன செய்வார்கள்? நூடுல்ஸ் செய்யப் பொறுமை வேண்டும், தேய்க்க இடம் வேண்டும். அகதிக் குடிசையில் இரண்டும் இல்லை. மாவைப் பிசைந்து, கையால் பிய்த்துப் பிய்த்து, கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். அதற்குச் சுஜெபி என்று பெயர். நெத்திலி கிடைத்தால் நெத்திலி, இல்லாவிட்டால் வெறும் உப்பு. காலையில் சுஜெபி, ராத்திரியும் சுஜெபி. பெரியவர் தள்ளி வைத்த கிண்ணத்துக்குப் பின்னால் இருந்தது இந்தச் சுஜெபிதான்.

தெற்குக் கோடியில் பூசான் துறைமுகத்தில் குவிந்த வடக்கத்தி அகதிகளுக்கு வேறொரு ஏக்கம். தங்கள் ஊர் நெங்மியொன் வேண்டும், ஆனால் பக்வீட் கிடைக்கவில்லை. உதவி மாவிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். அப்படிப் பிறந்தது மில்மியொன். 'மில்'னா கோதுமை. இன்றைக்குப் பூசான் போகிற சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிடுவது, ஊரை இழந்தவர்கள் கிடைத்ததை வைத்துச் செய்து பார்த்த அந்த நூடுல்ஸைத்தான்.

சோறு விற்றால் குற்றம்

1961-ல் ராணுவப் புரட்சி. பார்க் சுங் ஹீ ஆட்சிக்கு வந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. தொழிற்சாலை கட்ட அந்நியச் செலாவணி வேண்டும். அதை அரிசி இறக்குமதிக்குச் செலவழிக்க முடியாது. மக்கள் அரிசியைக் குறைக்க வேண்டும். பார்லியைக் கலந்து சாப்பிடுங்கள், மாவுப் பண்டம் சாப்பிடுங்கள் என்று ஒரு இயக்கம் ஆரம்பமானது.

முதலில் வேண்டுகோள், பிறகு பிரச்சாரம். பள்ளியில் பாட்டு, சுவரில் போஸ்டர். கோதுமை சாப்பிட்டால் உயரமாக வளரலாம், வெள்ளைச் சோறு உடம்புக்கு நல்லதில்லை என்றெல்லாம் சொன்னார்கள். அரிசியில் மக்கொல்லி, அதாவது கொரியக் கள் மாதிரியான வெள்ளைச் சாராயம், காய்ச்சவும் தடை வந்தது. அதுவும் கோதுமை மாவுக்கு மாறியது.

அப்புறம் சட்டம். 1969 முதல் வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், காலை 11 மணி முதல் மாலை 5 மணி வரை ஹோட்டல்களில் அரிசிச் சோறு விற்கக் கூடாது. மீறினால் கடையை இழுத்து மூட வேண்டியிருக்கும். யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர் மெஸ்ஸுல மதியம் பன்னிரண்டரைக்குப் போய் உட்கார்றீங்க, "இன்னைக்குப் புதன்கிழமை சார், சாப்பாடு கிடையாது"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? கொரிய மொழியில் 'பாப்' என்றால் சோறு. 'பாப்' என்றாலே சாப்பாடும்தான். நமக்கும் அப்படித்தானே. மத்தது எவ்வளவு சாப்பிட்டாலும் அது டிபன் கணக்குதான்.

பள்ளிகளில் டிபன் பாக்ஸ் சோதனை நடந்தது. மதிய மணி அடித்ததும் எல்லோரும் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். வாத்தியார் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். சோற்றில் பார்லி போதுமான அளவு கலந்திருக்கிறதா? இல்லையென்றால் அடி, அல்லது மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அடியில் வெள்ளைச் சோறு வைத்து, மேலே மட்டும் பார்லியைத் தூவிக்கொண்டு வருவார்கள். சில வாத்தியார்கள் ஸ்பூனை விட்டுக் கிளறிப் பார்ப்பார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பயமே இல்லை. அவர்களுடைய டப்பாவில் அடியிலும் பார்லிதான்.

கொரிய உணவகத்துக்குப் போனவங்க ஒன்னு கவனிச்சிருப்பீங்க. சோறு எப்பவும் மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல வரும், எந்தக் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய அதே அளவு. அது தற்செயல் இல்ல. 1976-ல் சியோல் நகர நிர்வாகம் ஹோட்டல் சோற்றுக் கிண்ணத்தின் அளவைச் சட்டமாகவே போட்டது: குறுக்களவு 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர். அதுவும் முழுக்க நிரப்பக் கூடாது. பழைய கொரியக் கிண்ணங்கள் அதைவிடப் பெரியவை, சோறு கோபுரமாகக் குவிந்திருக்கும். அரசாங்கம் மக்களின் கிண்ணத்தையே சின்னதாக்கிவிட்டது. தடைகள் போன பிறகும் கிண்ணம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இந்தக் காலத்தில்தான் நாம் பார்க்கிற நூடுல்ஸ் கடை உருவானது. அதற்குக் கொரியப் பெயர் புன்சிக் கடை. 'புன்சிக்' என்றால் மாவு உணவு. அரசாங்கப் பிரச்சாரத்தில் இருந்த அதே சொல்தான் கடைப் பலகைக்கு வந்தது. பள்ளிக்கூட வாசலில், பஸ் ஸ்டாப் பக்கத்தில், நாலு பெஞ்சு போட்டு நூடுல்ஸும் பொரித்த பண்டங்களும் விற்கிற கடைகள் முளைத்தன. மாவு மலிவு, அரசு ஆதரவு, வேகமாகச் செய்யலாம், மாணவர்கள் கூட்டம். உணவகம் வைக்க முதலீடு இல்லாத நிறைய பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்.

பத்து வோன் பாக்கெட்

இந்தக் கதையில் இன்னொரு கிளை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் சியோலின் நம்தேமுன் சந்தையில் ஒரு வரிசை நிற்கும். அமெரிக்க ராணுவ முகாம்களில் மிச்சமான உணவை வாங்கி, ஒரு பெரிய அண்டாவில் கொட்டிக் கொதிக்க வைத்து, கிண்ணம் 5 வோனுக்கு விற்பார்கள். அதற்கு மக்கள் வைத்த பெயர் பன்றிக் கஞ்சி. சில சமயம் அதில் சிகரெட் துண்டுகூடக் கிடைக்கும்.

அந்த வரிசையைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜொன் ஜுங் யுன், காப்பீட்டுத் துறையில் இருந்தவர். அவர் ஜப்பானில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் சாப்பிட்டிருந்தார். அது 1958-ல்தான் அங்கே விற்பனைக்கு வந்திருந்தது. ஜப்பானிய நிறுவனமான மியோஜோவிடம் இயந்திரமும் தொழில்நுட்பமும் வாங்கி, 1963 செப்டம்பரில் சம்யாங் ராம்யானை வெளியிட்டார். ஒரு பாக்கெட் 10 வோன்.

முதலில் விற்கவே இல்லை. 'மியொன்' என்றால் நூடுல்ஸ், பருத்தி என்றும் ஒரு அர்த்தம் உண்டு. இது ஏதோ துணி சமாச்சாரம் என்று சிலர் நினைத்தார்களாம். நிறுவனத்தார் தெருவில் அடுப்பு வைத்து, சமைத்து, இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்குள் மாவு உணவு இயக்கம் சூடுபிடிக்க, அரசும் பின்னால் நிற்க, ராம்யான் எல்லா வீட்டுக்கும் போனது. இன்றைக்கு ஒரு ஆளுக்கு இத்தனை பாக்கெட் என்ற கணக்கில் உலகத்தில் மிக அதிகமாக இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் சாப்பிடும் நாடுகளில் தென் கொரியா ஒன்று.

நீங்க கண்ணுல தண்ணி வழிய வழிய சேலஞ்ச் பண்ற புல்டாக் நூடுல்ஸ் இருக்கே, 2024-ல் காரம் அதிகம்னு டென்மார்க் அரசு கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்ன அதே நூடுல்ஸ், அது இந்தச் சம்யாங் நிறுவனத்தோடதுதான். பன்றிக் கஞ்சி வரிசையில ஆரம்பிச்ச கதை, நம்ம சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கு வந்து நிக்குது.

அரிசி திரும்பி வந்தது

தடை எப்போது முடிந்தது? அரிசி போதுமான அளவு விளைந்தபோது. 1970-களில் 'தொங்கில்' என்ற புதிய நெல் ரகத்தை அரசு பரப்பியது. பெயருக்கு 'ஒருங்கிணைவு' என்று அர்த்தம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு உருவான ரகம். அதன் பெற்றோரில் ஒன்று ஐ.ஆர். 8. தஞ்சாவூர்ப் பக்கத் தாத்தாக்கள்கிட்ட அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, விளைச்சலையும் சொல்லுவாங்க, ருசி இல்லைன்னும் சொல்லுவாங்க. கொரியர்களும் தொங்கில் பற்றி அதையேதான் சொன்னார்கள். ஆனாலும் 1977-ல் நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. சோறில்லாத நாட்கள் போயின. அரிசி மக்கொல்லி திரும்ப வந்தது.

போகாமல் தங்கியது நாக்கு. ஒரு தலைமுறை முழுக்க மாவு உணவில் வளர்ந்துவிட்டது. பள்ளி விட்டதும் நண்பர்களோடு புன்சிக் கடைக்குப் போவது அவர்களுக்கு இனிமையான ஞாபகம். பசியில் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் அதையே ஆசையாகச் சாப்பிட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் இருக்கு. இன்றைக்குப் புன்சிக் கடையில், அதாவது 'மாவு உணவு'க் கடையில், அதிகமாகப் போகும் பண்டங்களில் ஒன்று கிம்பாப். கடற்பாசியில் சுற்றிய சோறு!

இதற்கு இன்னொரு விலையும் கொடுத்தார்கள். மலிவான இறக்குமதி மாவோடு போட்டியிட முடியாமல் கொரியாவின் சொந்தக் கோதுமை விவசாயம் கிட்டத்தட்ட அழிந்தது. இன்றைக்கு அந்த நாட்டுக்கு வேண்டிய கோதுமை ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. எங்க முன்னாடி இருந்த கிண்ணத்தில் கருவாடு கொரியா, கிம்ச்சி கொரியா, கத்தி பிடித்த கை கொரியா. மாவு மட்டும் அநேகமாகக் கப்பலில் வந்தது.

மஞ்சள் உப்புமா

இப்போ எங்கப்பா கதை.

பி.எல். 480 ஒப்பந்தம் இந்தியாவும் 1956-ல் போட்டதுன்னு சொன்னேன்ல. 1960-களில் நம்ம நாடும் கப்பல் கோதுமையை நம்பித்தான் இருந்தது. 1965-ல் பிரதமர் சாஸ்திரி, திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கன்னு நாட்டு மக்களைக் கேட்டுக்கிட்டார். 1967-ல் தமிழ்நாட்டுத் தேர்தலே அரிசியைச் சுற்றி நடந்தது, ரூபாய்க்கு மூன்று படின்னு வாக்குறுதி. கொரியாவில் சோறு விற்கத் தடை போட்டது அதற்கு இரண்டே வருஷம் கழிச்சு.

காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பொருள் கொடுத்தது. பால் பவுடர், எண்ணெய், கோதுமை, மக்காச்சோளம். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் எங்கப்பா அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்.

இது எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி, டயட்டுன்னு சொல்லி வீட்டுல மக்காச்சோள ரவையில உப்புமா கிண்டினேன். அப்பா தட்டைப் பார்த்தார், தள்ளி வச்சார், எழுந்து போயிட்டார். நான் அதை வீடியோ எடுத்து, "அப்பாவுக்கு ஹெல்தின்னாலே அலர்ஜி"ன்னு ஃபேமிலி குரூப்ல போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா ஒன்னும் சொல்லல.

சியோல்ல அந்தப் பெரியவர் கிண்ணத்தைத் தள்ளி வச்ச விதம் அப்படியே அதுதான். அதே வேகம். அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். "அப்பா, ஸ்கூல்ல உப்புமா போட்டாங்களாப்பா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னார். "மஞ்சளா இருக்கும். மூட்டையில ரெண்டு கை குலுக்குற மாதிரி படம் போட்டிருக்கும்."

எனக்குப் பேச்சு வரல. அதே படம்.

"ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்கும்டா. உங்க அத்தைக்கு அப்ப நாலு வயசு, ஸ்கூல்ல சேர்க்கல. மதியம் ஆனா கேட்டுக்கிட்ட வந்து நிப்பா. நான் பாதியைத் தட்டு மூடியில எடுத்துக்கிட்டுப் போய்க் குடுப்பேன். ஒரு நாள் ரொம்பப் பசி. முழுசையும் தின்னுட்டேன். தின்னுட்டு நிமிர்ந்தா, அவ நின்னுக்கிட்டு இருக்கா."

அவ்வளவுதான் சொன்னார். "அங்க குளிர் எப்படி இருக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டியா"ன்னு பேச்சை மாத்திட்டார்.

நான் போனை வச்சதும் முதல் வேலையா குரூப்ல இருந்த அந்த வீடியோவை அழிக்கப் பார்த்தேன். ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, என் போன்ல மட்டும்தான் அழிஞ்சுது.

ஒரு நாட்டோட சாப்பாட்டு வரலாறுன்னா ராஜாக்களோட விருந்தையும் மசாலா வியாபாரத்தையும் மட்டும்தான் நாம பேசுறோம். யார் எதைத் தள்ளி வைக்கிறாங்கன்னு பார்த்தாலும் ஒரு வரலாறு கிடைக்கும். அதை எழுதி வச்சவங்க குறைவு. கேட்டாத்தான் கிடைக்கும், அதுவும் கேக்க ஆள் இருக்கும்போதே கேக்கணும்.

நண்பரோட அப்பாவுக்கும் ஒரு விஷயம் பாக்கி இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி, என் கிண்ணத்துல இருந்து ஒரே ஒரு ஸ்பூன் குழம்பை எடுத்துக் குடிச்சுப் பார்த்தார். மாவைத் தொடல, குழம்பை மட்டும். "நெத்திலி நல்லா இருக்கு. எங்கம்மாவுக்கு இவ்வளவு நெத்திலி கிடைக்கல"ன்னு சொல்லிட்டு, கடைக்கார அம்மாவுக்குத் தலை குனிஞ்சு நன்றி சொல்லிட்டு எழுந்தார்.

அடுத்த தடவை கொரிய நூடுல்ஸ் கடையில உட்கார்ந்தீங்கன்னா, அந்தச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கையில எடுத்துப் பாருங்க. 10.5 சென்டிமீட்டர். அப்புறம் வீட்டுக்குப் போய் அப்பாவோ பாட்டியோ எந்தச் சாப்பாட்டைத் தொடவே மாட்டாங்கன்னு யோசிச்சு, ஏன்னு கேட்டுப் பாருங்க. சொன்னாங்கன்னா, அவங்க சம்மதத்தோட எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. இன்னொரு எபிசோடுல சேர்ந்து கேப்போம்.

சரி, சாப்டாச்சா? போய்ச் சாப்பிடுங்க. வணக்கம்.